ஒரு பலகை, பல பாகங்கள்: நெஸ்டிங்கில் எந்தக் கட்டளை யாருக்குச் சொந்தம்?

சமையலறை அலமாரி ஒன்றுக்குப் பக்கப் பலகை, தட்டு, கதவு, டிராயர் முகப்பு, அடிப்பட்டை என்று 12 பாகங்கள் வேண்டும் என வைத்துக்கொள்வோம். இவற்றை எட்டுக்கு நாலு ப்ளைவுட் ஒன்றில் இடம் வீணாகாமல் அடுக்குவதைத்தான் பட்டறைகளில் நெஸ்டிங் என்கிறார்கள். கணினி இதைச் சில நொடிகளில் செய்து கொடுத்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. பக்கப் பலகையில் காடி ஓட்ட வேண்டும்; தட்டைத் தாங்கும் ஊசிகளுக்கு 5 மிமீ துளைகள் போட வேண்டும். கதவில் கீலுக்கு 35 மிமீ குழி தோண்ட வேண்டும். டிராயர் முகப்பில் சன்மைக்கா ஒட்டிய பக்கம் பிசிறக் கூடாது. அடிப்பட்டையோ குறுகலான துண்டு. கடைசிச் சுற்றில் இடம் பெயர்ந்துவிடும். பாகத்துக்குப் பாகம் வேலை வேறு. ஆனால் எல்லாம் வெட்டப்படுவது ஒரே பலகையில், ஒரே ஓட்டத்தில்.

இந்தத் தனித்தனிக் கட்டளைகளை எங்கே எழுதி வைப்பது? அடுக்குவதற்கு முன்பே ஒவ்வொரு பாகத்தோடும் சேர்த்து எழுதுவதா, அடுக்கி முடித்த பலகையைப் பார்த்து எழுதுவதா, இல்லை மெஷினே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவதா? வெட்டுப்பாதை வகுக்கும் கணினி மென்பொருளுக்குப் பட்டறை வழக்கில் கேம் என்று பெயர். கேம் மென்பொருள்கள் ஒவ்வொன்றும் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தமக்குள் வைத்திருக்கின்றன. வாங்குபவருக்கு அது வெளியே தெரிவதில்லை.

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி என்று நீளும் பள்ளத்தாக்கு ஊர்களில் இன்டீரியர் வேலை என்பது பெரும்பாலும் ஒரு வீட்டு வேலை: ஒரு சமையலறை, இரண்டு வார்ட்ரோப், பூஜையறைக் கதவுக்கு ஒரு ஜாலி. அடுத்த வீட்டுக்கு அளவும் மாறும், பலகையும் மாறும். ஒரே பாகத்தை ஆயிரம் தடவை வெட்டும் ஆலைகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட பதில்கள் இத்தகைய பட்டறைக்கும் பொருந்துமா என்பதையும் சேர்த்தே இங்கு பார்க்க வேண்டியிருக்கிறது.

ப்ளைவுட்டில் தொடங்கிய கணக்கு

இந்தக் கேள்வியின் கணித வரலாறு தற்செயலாக ப்ளைவுட்டில்தான் தொடங்குகிறது. 1938-இல் லெனின்கிராடின் ப்ளைவுட் டிரஸ்ட், எந்த வகை மரத்தை எந்த உரிப்பு மெஷினுக்கு அனுப்பினால் விளைச்சல் கூடும் என்று லியோனிட் கண்டரோவிச் என்ற இளம் கணிதப் பேராசிரியரிடம் கேட்டது. அதற்கு அவர் கண்ட வழி 1939-இல் ஒரு சிறு நூலாக வந்தது. கழிவைக் குறைத்து வெட்டும் கணக்கும் அதில் இடம்பெற்றது. பிறகு அவர் ஸல்கல்லருடன் சேர்ந்து 1951-இல் பொருள் வெட்டுதல் பற்றித் தனி நூலே எழுதினார். 1975-இல் பொருளியல் நோபல் பரிசைக் கூப்மன்ஸுடன் பகிர்ந்துகொண்டார். மேற்கில் கில்மோரும் கோமரியும் 1961-இலும் 1963-இலும் எழுதிய இரு கட்டுரைகள் காகித உருளைகளை அகலம் அகலமாக வெட்டும் கணக்கைக் கணினிக்கு ஏற்ற வடிவில் தந்தன. வளைந்த உருவங்களை ஒன்றோடொன்று இடிக்காமல் நெருக்கி வைக்கும் வழியை 1966-இல் ஆர்ட் என்பவர் முன்வைத்தார். இன்றைய நெஸ்டிங் மென்பொருள்கள் பலவும் அந்த வழியின் வாரிசுகள்.

இந்த மரபு முழுவதிலும் பாகம் என்றால் வெளிக்கோடு மட்டும்தான். காடி, துளை, குழி எதுவும் கணக்குக்குள் வருவதில்லை. துணி வெட்டும் தொழிலுக்கு அது போதுமானதாக இருந்தது. ஜோசப் கெர்பரின் கணினி வெட்டு மெஷின் 1969-இல் வந்தது. பிரான்சின் லெக்ட்ரா நிறுவனம் 1973-இல் தொடங்கப்பட்டது. இரண்டுமே உடைத் தொழிலை நம்பி வளர்ந்தவை. திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் மார்க்கர் போடும்போது பார்ப்பது துணியின் போக்கு, மார்க்கரின் நீளம், விழும் கட்டிங் வேஸ்ட். பனியனின் கைத்துண்டுக்குள் தோண்ட வேண்டிய குழி எதுவும் இல்லை. எனவே அங்கே அடுக்குதான் முதல் வேலை, வெட்டு அதைத் தொடரும் வேலை என்ற வரிசை இயல்பாக நிலைத்தது. மரவேலையும் தகட்டு வேலையும் அந்த வரிசையை அப்படியே கடன் வாங்கிக்கொண்டன. பின்னால் வந்த சிக்கல்களில் பாதி இந்தக் கடனிலிருந்து வந்தவை என்றே தோன்றுகிறது.

பலகையே அலகு என்பவர்கள்

முதல் நிலைப்பாடு இந்த மரபின் நேர் வாரிசு. முதலில் கோடுகளை அடுக்கு. பிறகு பலகை முழுவதையும் ஒரே வரைபடமாக எடுத்துக்கொண்டு, துளைகளுக்கு ஒரு வெட்டுப்பாதை, காடிகளுக்கு ஒன்று, வெளிக்கோட்டுக்கு ஒன்று என்று வகுத்துக்கொள். 1982-இல் ஆட்டோகேடுடன் வந்த டிஎக்ஸ்எஃப் கோப்பும் அதன் லேயர்களும் இதற்கு நல்ல துணையாயின. சிறு பட்டறைகளில் புழங்கும் மென்பொருள்களில் பலவும் இந்த வழியில் செல்பவை. வெக்ட்ரிக் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2018-இல் ஆட்டோடெஸ்க் நிறுத்திவிட்ட ஆர்ட்கேமும் அதன் தொடர்ச்சியான கார்வெகோவும் அதே போக்கிலேயே அமைந்தவை.

இந்த வழிக்கு ஓர் அசைக்க முடியாத நியாயம் உண்டு. சிறு பட்டறையின் ரூட்டரில் பெரும்பாலும் ஒரே ஸ்பிண்டில். பிட்டைக் கையால்தான் மாற்ற வேண்டும். 12 பாகங்களுக்கும் தலா மூன்று பிட் என்றால், பாகம் பாகமாக வெட்டினால் 36 தடவை பிட் மாற்ற வேண்டும். பலகை முழுவதற்கும் சேர்த்து, துளையெல்லாம் ஒரு சுற்று, காடியெல்லாம் ஒரு சுற்று, வெளிவெட்டு ஒரு சுற்று என்றால் மூன்றே தடவை. இந்தக் கணக்கைப் பார்த்த எவரும் பாகவாரியாக வெட்டத் துணியமாட்டார்கள்.

குறை, அடுக்கை மாற்றும்போது வெளிப்படுகிறது. வீட்டுக்காரர் ஒரு தட்டு கூடுதலாகக் கேட்டார் என்பதற்காக மறுபடி அடுக்கினால் கோடுகள் இடம் மாறும். அடிப்பட்டைக்கென்று தனியாகக் கொடுத்திருந்த மெதுவான வேகம், துண்டு கழலாதிருக்க விட்டுவைத்த சிறு இணைப்புகள் எல்லாவற்றையும் திரும்ப உட்கார்ந்து கொடுக்க வேண்டும். பலகைக்கு எந்தக் கோடு எந்தப் பாகத்தின் கோடு என்ற நினைவே இல்லை.

இன்னொரு குறை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அடுக்கு முதலில், வெட்டு பிறகு என்பதே முழு உண்மை இல்லை. 1220 மிமீ அகலப் பலகையில் 300 மிமீ பட்டைகள் நாலு எடுக்க வேண்டும் என்றால், பட்டைகளுக்கு 1200, நடுவே மூன்று வெட்டு. 6 மிமீ பிட் என்றால் வெட்டுக்கு 18. மொத்தம் 1218, மிச்சம் 2 மிமீ. பலகையின் இரு ஓரமும் நேராக, அடிபடாமல் இருந்தால்தான் இது நடக்கும். ஓரத்துக்கு 9 மிமீ ஒதுக்க வேண்டுமென்றால் பட்டை 296-க்கு இறங்க வேண்டும். அதாவது எந்த பிட் என்ற முடிவு அடுக்குவதற்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பென்சிலும் மட்டமும் வைத்துக் கட்டிங் லிஸ்ட் போடும் ஆசாரி, ரம்பத்தின் வாய் அகலத்தைக் கழித்துக்கொண்டுதான் தொடங்குகிறார்.

பாகமே அலகு என்பவர்கள்

இரண்டாவது நிலைப்பாடு பொறியியல் பக்கத்திலிருந்து வந்தது. எம்ஐடியில் டக்ளஸ் ராஸ் குழு உருவாக்கி 1959-இல் உலகுக்குக் காட்டிய ஏபிடி மொழியில், ஒரு பாகத்தின் வெட்டுப்பாதையை ஒருமுறை எழுதிவிட்டு அதை நகர்த்தவும் திருப்பவும் நகலெடுக்கவும் கட்டளைகள் உருவாயின. பிறகு வந்த ஜி-கோடில் துணைநிரல், ஆய மாற்றம், சுழற்சி ஆகியவை அதே வேலையைச் செய்தன. பாகத்தை வடிவமைத்தவருக்குத்தான் அதன் காடி எதற்கு, குழி எவ்வளவு ஆழம் என்று தெரியும். ஆகவே அவரே வெட்டுமுறையையும் பாகத்தோடு கட்டிவிடட்டும், அடுக்குபவர் அந்தக் கட்டை நகர்த்தினால் போதும் என்பது இவர்கள் வாதம். முப்பரிமாண மாதிரியில் தொடங்கும் மென்பொருள்கள் இதை நோக்கியே நகர்கின்றன. பாகம் மாறினால் பாதையும் மாறும் என்பது பெரிய வசதிதான்.

இங்கே பலவீனம் வேறு இடத்தில். பாகத்தைத் திருப்புவது ஆபத்தில்லாதது. கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டுவது அப்படியல்ல. அலமாரியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுக்கொன்று பிம்பம்தான். வரைபடத்தைப் புரட்டலாம், ஸ்பிண்டில் சுழலும் திசையைப் புரட்ட முடியாது. எனவே ஒரு பக்கத்தில் பிட் சீராக வெட்டிச் சென்ற அதே பாதை, மறுபக்கத்தில் எதிர்த் திசையில் ஓடும். சன்மைக்கா விளிம்பு ஒரு கதவில் வழவழப்பாகவும் அதன் ஜோடியில் பல்லுப்பல்லாகவும் வந்தால், பிட் மழுங்கிவிட்டது என்று பழி போடுவதற்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும். பாதையைப் புரட்டாமல் கோட்டைப் புரட்டி, பாதையைப் புதிதாகக் கணக்கிடும் மென்பொருள்களில் இந்தப் பிழை வருவதில்லை.

அதோடு, தனியாக இருக்கும்போது வகுத்த பாதைக்கு அண்டை வீட்டைத் தெரியாது. பிட் பக்கவாட்டில் நுழைய 10 மிமீ இடம் எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்து, அடுக்கில் பக்கத்துப் பாகம் 8 மிமீ தள்ளி உட்கார்ந்திருந்தால், நுழைவே பக்கத்துப் பாகத்தைக் கீறும்.

18 மிமீ என்பது எவ்வளவு?

மேலே சொன்ன இரு கட்சிகளும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: தடிமன். ஆய்வு நூல்களில் இது ஓரிரு வரிகளில் கடந்துபோகப்படுகிறது. பட்டறையில் அதிகம் காசைக் கரைப்பது இதுதான் என்று நினைக்க இடமிருக்கிறது. அதனால் இங்கே சற்று நின்று பார்க்கலாம்.

ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 303, 6 மிமீயும் அதற்கு மேலும் உள்ள தடிமனில் 5 சதவீதம் கூடவோ குறையவோ இருப்பதை ஏற்கிறது. 18 மிமீ என்று வாங்கும் பலகை 17.1-ஆகவும் இருக்கலாம், 18.9-ஆகவும் இருக்கலாம், இரண்டும் தரம் தப்பியவை ஆகா. குமுளிச் சாலை வழியே தென்மேற்குப் பருவச் சாரல் இறங்கும் மாதங்களில் மரம் ஈரம் வாங்கி ஊதுவது இதன்மேல் சேரும்.

இப்போது 17.2 மிமீ இருக்கும் பலகையை 18 என்று நம்பி வெட்டுவோம். சிறிய பாகங்கள் நகராமல் இருக்க, முதல் சுற்றில் அடியில் அரை மிமீ தோல் விட்டு வெட்டி, இரண்டாம் சுற்றில் அதை எடுப்பது ஒரு வழக்கம். ஆழத்தின் பூஜ்யத்தைப் பலகையின் மேற்பரப்பில் வைத்திருந்தால், 17.5 ஆழம் இறங்கும் பிட் முதல் சுற்றிலேயே பலகையைத் தாண்டி, கீழே விரித்திருக்கும் அடிப்பலகைக்குள் 0.3 மிமீ போய்விடும். தோல் எங்கே? பாகம் அப்போதே கழன்றுவிட்டது.

சரி, பூஜ்யத்தை மேசைப் பரப்பில் வைப்போம். தோல் துல்லியமாக அரை மிமீ நிற்கும். ஆனால் 8 மிமீ ஆழக் காடி, மேசையிலிருந்து 10 மிமீ உயரத்தில் நின்றுவிடுவதால், 7.2 மிமீ ஆழம்தான் வரும். கீலுக்கான 13 மிமீ குழி 12.2 ஆகிவிடும், கீலின் கிண்ணம் மட்டமாக உட்காராமல் துருத்தும். ஆக, ஒரே பாகத்தில் வெளிவெட்டுக்கு மேசை ஆதாரம், காடிக்கும் குழிக்கும் மேற்பரப்பு ஆதாரம். வேலைக்கு வேலை ஆதாரம் மாற வேண்டும். இதை அனுமதிக்கும் மென்பொருளில்கூட, பலகையின் உண்மைத் தடிமனைக் காலிப்பரில் அளந்து யாராவது உள்ளிட்டால்தான் பயன்.

காடியின் அகலம் இன்னும் சிக்கலானது. நடுத்தடுப்பு ஒன்று அந்தக் காடிக்குள் இறங்க வேண்டும். தடுப்பின் பலகை 17.2 என்றால் 18 மிமீ காடியில் 0.8 ஆடும், 18.6 என்றால் இறங்கவே இறங்காது. அந்தத் தடுப்போ இந்தப் பலகையில் இல்லை. அடுத்த பலகையில் அடுக்கப்பட்டிருக்கிறது. அதாவது இந்தப் பாகத்தின் இந்த வேலையை முடிவு செய்யும் எண், இந்தப் பாகத்திலும் இல்லை, இந்தப் பலகையிலும் இல்லை. இரண்டு பாகங்களுக்கு இடையிலான உறவில் இருக்கிறது. பலகை அலகா, பாகம் அலகா என்று நடக்கும் வழக்கு இந்த இடத்தில் விடையில்லாமல் நின்றுபோகிறது.

விதி எழுதுபவர்கள்

மூன்றாவது நிலைப்பாட்டுக்காரர்கள் இரு தரப்புக்கும் சமரசம் தேடுபவர்கள். பாகத்தில் வெட்டுப்பாதையை எழுதாதே, குறிப்பை மட்டும் எழுது. பலகை அடுக்கியபின் விதிகள் அந்தக் குறிப்பைப் படித்துப் பாதை வகுக்கட்டும் என்கிறார்கள். லேயருக்கு ‘காடி_8’ என்று பெயர் வைத்தால் 8 மிமீ ஆழக் காடி என்று மென்பொருள் புரிந்துகொள்ளும்; 35 மிமீ வட்டம் கண்ட இடமெல்லாம் கீல் குழி என்று எடுத்துக்கொள்ளும். மாதிரியைப் பார்த்து இது துளை, இது காடி என்று கணினியே அடையாளம் காணும் ஆராய்ச்சி 1980-லேயே கேம்பிரிட்ஜில் கிப்ரியானோவின் ஆய்வேட்டுடன் தொடங்கிவிட்டது. அலமாரித் தொழிலுக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. காரணம் ஐரோப்பிய அலமாரி முறையில் 32 மிமீ இடைவெளி, 5 மிமீ துளை, விளிம்பிலிருந்து 37 மிமீ என்று எல்லாமே ஏற்கெனவே விதியாக இருந்தது.

இன்றைய நிலையில் மிகவும் வலுவான பதில் இதுவே எனலாம். ஆனாலும் இது பெயர் வைக்கும் ஒழுங்கை நம்பி நிற்கிறது. வரைந்தவர் ஒருநாள் ‘காடி8’ என்று கோட்டை விட்டுவிட்டால் விதி அதைக் கண்டுகொள்ளாது, எச்சரிக்கவும் செய்யாது, காடி இல்லாத பக்கப் பலகை வெளியே வரும். விதிவிலக்கு இன்னும் பெரிய தொல்லை. நூறு பாகங்களுக்குச் சரியான விதி, ஒரே ஒரு பூஜையறை ஜாலிக்குச் சரிவராது. அதன் மெல்லிய கம்பிகள் உடையாமல் இருக்க உள்துளைகளை மெதுவாகவும் ஆழம் பிரித்தும் வெட்ட வேண்டும். அந்த ஒன்றுக்குக் கையால் திருத்தம் போடலாம். மறு அடுக்கில் விதி மீண்டும் ஓடும்போது அந்தத் திருத்தம் தங்குமா, அழியுமா? மென்பொருளுக்கு மென்பொருள் இது வேறுபடுகிறது; விளம்பரத் தாள்களில் இதைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை.

எதை முதலில் வெட்டுவது

வெட்டும் வரிசை பற்றிய ஆய்வு தனி ஓடையாக ஓடுகிறது. தகடு வெட்டுவதை, பல ஊர்களைக் குறைந்த தூரத்தில் சுற்றிவரும் பயண விற்பனையாளர் கணக்கின் வகையாகப் பார்த்து ஹோஃப்டும் பலேகரும் 1997-இல் எழுதினார்கள். லேசர் வெட்டுப்பாதைகள் குறித்து டெவில், வான்ஸ்டீன்வெகன், கட்ரிஸ் மூவரும் 2016-இல் ஒரு மதிப்பீட்டுக் கட்டுரை வெளியிட்டனர். இவற்றில் குறைக்கப் பார்ப்பது பெரும்பாலும் நேரம்: வெட்டாமல் வெறுமே நகரும் தூரம், துளைத்து நுழையும் எண்ணிக்கை. இரு பாகங்களுக்குப் பொதுவான கோட்டை ஒரே வெட்டில் முடிப்பதும் இதில் சேரும். டீப்நெஸ்ட் போன்ற இலவச மென்பொருளிலேயே அது உண்டு.

லேசருக்குச் சரி. மரத்தை ரூட்டரில் வெட்டும்போது பக்கவாட்டில் தள்ளும் விசை இருக்கிறது. வேக்குவம் மேசையில் அரை வளிமண்டல அழுத்தம் கிடைப்பதாகக் கொண்டால், 720-க்கு 550 மிமீ பக்கப் பலகையைக் காகிதக் கணக்கில் ஏறக்குறைய 2 டன் எடை அழுத்திப் பிடிக்கிறது. அதே மேசையில் 100-க்கு 50 மிமீ துண்டுக்குக் கிடைப்பது 25 கிலோ. உராய்வில் அதில் மூன்றில் ஒரு பங்கு நின்றாலே அதிகம். அடிப்பலகை வழியே காற்றுக் கசிவதையும் கழித்தால், பிட்டின் தள்ளல் அதை எளிதில் மிஞ்சிவிடும். வேக்குவம் இல்லாமல் ஓரத்தில் ஸ்குரூ அடித்தோ கிளாம்ப் போட்டோ வெட்டும் பட்டறையில் கழன்ற துண்டைப் பிடிக்க எதுவுமே இல்லை.

அதனால்தான் சிறியதை முதலில் வெட்டு, சுற்றிலும் பலகை முழுதாக இருக்கும்போதே முடித்துவிடு என்ற பழைய பட்டறை விதி. தூரத்தைக் குறைக்கும் கணக்கு இந்த விதிக்கு நேர் எதிராகப் போகக்கூடும். மேலும், டேப் என்று சொல்லப்படும் சிறு இணைப்புகளை எங்கே விடுவது என்பது பாகத்தின் வடிவத்தை மட்டும் பொறுத்ததன்று. அதே அடிப்பட்டை பலகையின் நடுவில் விழுந்தால் இரண்டு டேப் போதும். ஓரத்தில் விழுந்தால், இணைப்பு நிற்பதற்கு அந்தப் பக்கம் மரமே இருக்காது. இந்தக் கட்டளை பாகத்துக்கும் சொந்தமில்லை, பலகைக்கும் சொந்தமில்லை. அந்தப் பாகம் அந்தப் பலகையில் உட்கார்ந்த இடத்துக்குச் சொந்தம். அடுக்கையும் வரிசையையும் சேர்த்தே ஒரே கணக்காகத் தீர்க்கும் முயற்சிகளும் நடக்கின்றன. அடுக்குவது தனியாகவே கடினமான கணக்குகளின் வகுப்பைச் சேர்ந்தது என்பதால், இரண்டையும் கட்டிச் சுமப்பது இப்போதைக்குச் சிறிய எண்ணிக்கைகளுக்கே கைகொடுக்கும்.

மெஷினிடம் விட்டுவிடலாமா

ஜி-கோடு மெஷினுக்குச் சொல்வது இங்கே போ, அங்கே போ என்பதை மட்டும்தான். ஏன் என்று சொல்வதில்லை. ஐஎஸ்ஓ 6983 என்று 1982-இல் தரநிலையாக்கப்பட்ட இந்த மொழிக்கு மாற்றாக, இது துளை, இது காடி என்று பொருளோடு சொல்லும் ஸ்டெப்-என்சி முன்மொழியப்பட்டது. ஐஎஸ்ஓ 14649-இன் பகுதிகள் 2003-இல் வந்தன. கருத்தளவில் இது அழகானது: பலகையின் தடிமனை மெஷினே தொட்டுப் பார்த்துக் காடியின் ஆழத்தைத் தானே சரிசெய்துகொள்ளலாம். நடைமுறையில் சந்தையை இன்னும் ஜி-கோடே ஆள்கிறது. டிஎஸ்பி கைப்பெட்டியும் பென் டிரைவுமாக ஓடும் சிறு ரூட்டர்களில் சிலவற்றுக்கு ஜி-கோடின் சுழற்சிக் கட்டளையே சந்தேகம் எனும்போது, இந்தப் பதிலுக்காகக் காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை.

எட்டிய தூரமும் எட்டாததும்

இவ்வளவையும் வரிசைப்படுத்திப் பார்த்தால், அலகு எது என்ற கேள்வியே சற்றுப் பிசகாக வைக்கப்பட்டதாகத் தெரிகிறது. காடி எதற்கு என்பது பாகத்துக்குச் சொந்தம். தடிமன், நார்ப்போக்கு, சன்மைக்கா எந்தப் பக்கம் என்பவை பலகைக்குச் சொந்தம். டேப்பும் நுழைவும் உட்கார்ந்த இடத்துக்குச் சொந்தம். பிட் வரிசை மெஷினுக்குச் சொந்தம். காடியின் அகலமோ இரு பாகங்களின் உறவுக்குச் சொந்தம். ஒவ்வொரு கட்சியும் தனக்குத் தெரிந்த ஒரு சொந்தக்காரரிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்கப் பார்த்தது. விதி எழுதுபவர்கள் பகிர்ந்து கொடுக்கும் வழிக்கு அருகில் வந்திருக்கிறார்கள். ஆனால் உட்கார்ந்த இடத்தையும் உறவையும் குறிக்க அவர்களிடமும் நல்ல ஏற்பாடு இருப்பதாகச் சொல்ல முடியாது.

வேறு சில கேள்விகளும் திறந்தே நிற்கின்றன. ஆய்வுகள் அடுக்கின் தரத்தைப் பலகையில் எத்தனை சதவீதம் பயன்பட்டது என்பதால் அளக்கின்றன. ஒரே மாதிரி பாகம் ஆயிரம் வெட்டும் இடத்தில் ஒரு சதவீதம் பெரிய பணம். ஒரு வீட்டுக்குப் பத்துப் பலகை வெட்டும் இடத்தில் கெட்டுப்போன ஒரு கதவு, நெருக்கி அடுக்கி மிச்சம் பிடித்ததை எல்லாம் விழுங்கிவிடும்: பலகை மட்டுமல்ல, அதன்மேல் ஒட்டிய சன்மைக்காவும் ஒரு நாள் கூலியும் போகின்றன. மிச்சத்தையும் கெடுதலையும் ஒரே தராசில் நிறுக்கும் அளவுகோல் ஒன்று சிறு பட்டறைக்கு வேண்டும். அதேபோல, தடிமனை ஒவ்வொரு பலகைக்கும் அளந்து உள்ளிடும் வேலையைப் பட்டறைகள் தொடர்ந்து செய்யுமா, அல்லது அவசரத்தில் விட்டுவிடுமா என்பதும் மென்பொருளால் மட்டும் தீரும் விஷயம் அன்று.

இப்போதைக்கு, ஓரிரு பேர் சேர்ந்து நடத்தும் பட்டறைக்கு விதி எழுதும் வழியே குறைந்த சேதம் தரும் என்பது இக்கட்டுரையின் கணிப்பு. லேயர் பெயர்களைச் சுவரில் எழுதி ஒட்டிவைத்து, வெளிவெட்டை மேசை ஆதாரத்திலும் காடியையும் குழியையும் மேற்பரப்பு ஆதாரத்திலும் பிரித்துவிட்டாலே பாதித் தொல்லை குறையும். புதிதாக மென்பொருள் வாங்கப் போகிறவர்கள், விற்பவர் கொண்டுவரும் மாதிரிக் கோப்பை நம்ப வேண்டாம். உங்கள் சொந்த அலமாரி ஒன்றைக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு பாகத்துக்கு வெட்டும் வேகத்தையும் டேப் இடத்தையும் கையால் மாற்றச் சொல்லுங்கள். பிறகு ஒரு தட்டைக் கூடுதலாகச் சேர்த்து மறுபடி அடுக்கச் சொல்லுங்கள். மாற்றியது அப்படியே நிற்கிறதா என்று பார்த்த பிறகு விலையைப் பேசுங்கள்.